ஐம்பது யூரோ பங்கும் ஐயாயிரம் இருக்கைகளும்

கடன் வாங்காமல் ஒரு விளையாட்டுக் கழகத்தை நடத்த முடியுமா என்று கேட்டிருந்த வாசகருக்குச் சென்ற இதழில் பதில் எழுதியபோது, ஸ்பெயின் நாட்டின் எய்பர் கால்பந்துக் கழகத்தைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி சேர்த்திருந்தேன். மற்ற பதில்கள் எல்லாவற்றையும் விட அந்த இரண்டு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் எய்பருக்கே ஒதுக்கிவிட்டேன். வேறு பொருள் குறித்து எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரி மாணவர், திருச்சி: 27,000 பேர் வாழும் ஊரின் அணி பார்சிலோனாவுடனும் ரியல் மாட்ரிட்டுடனும் ஒரே லீகில் ஆடியதாக எழுதியிருந்தீர்கள். எங்கோ ஒரு சைபர் விடுபட்டுவிட்டதா?

சைபர் எதுவும் விடுபடவில்லை. எய்பர் ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 27,000தான். பார்சிலோனாவின் காம்ப் நூ அரங்கில் அப்போது 99,000 பேர் அமரலாம். கைக்குழந்தைகள் உட்பட எய்பர் மக்கள் அனைவரையும் அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தாலும் 70,000க்கு மேற்பட்ட இருக்கைகள் காலியாகவே இருக்கும். இந்த ஊரின் அணி 2014ஆம் ஆண்டு மே மாதம் முதற்பிரிவுக்குத் தகுதி பெற்று, தொடர்ந்து ஏழு பருவங்கள் அங்கே நீடித்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்புவரை அது மூன்றாம் பிரிவில்தான் ஆடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் ஐயம் நியாயமானதே.

எய்பர், ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டில், கிபுஸ்கோவா மாகாணத்தைச் சேர்ந்தது. பில்பாவ், சான் செபாஸ்டியன் ஆகிய இரண்டு பெரிய நகரங்களுக்கும் நடுவே, இரண்டிலிருந்தும் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், ஏகோ என்ற சிற்றாற்றின் குறுகலான பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது. சமதரை என்பது அங்கே அரிய பொருள். ஆகவே பட்டறைகளும் வீடுகளும் பக்கவாட்டில் பரவ வழியின்றி ஒன்றின்மேல் ஒன்றாக உயர்ந்தன. 1947இல் திறக்கப்பட்ட இபுருவா ஆடுகளமும் மலைச்சரிவை வெட்டிச் செய்த ஒரு தட்டில்தான் இருக்கிறது. நான் அங்கே நேரில் போனதில்லை. ஆனால் தொலைக்காட்சியில் அந்த அரங்கின் ஆட்டத்தை ஒருமுறை பார்த்தவர்களால் மறக்க முடியாத ஒரு காட்சி உண்டு. பந்து உயரே எழும்போது, காமிரா அதைத் தொடர்ந்து மேலே போகும். அரங்கின் கூரைக்குப் பின்னால் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருக்கியடித்து நிற்கும். பால்கனிகளில் ஆட்கள் முழங்கையை ஊன்றிக்கொண்டு, டிக்கெட் வாங்காமல் ஸ்பெயினின் முதற்பிரிவு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2014இல் அரங்குக்குள் இருந்த இருக்கைகள் ஐயாயிரத்துச் சொச்சம். பின்னர் அது எட்டாயிரம் வரை விரிவாக்கப்பட்டது.

ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழில்நுட்பர், கோவை: அந்த அணியைத் 'துப்பாக்கிக்காரர்கள்' என்று அழைக்கிறார்களாமே? ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு ஏன் அப்படி ஒரு பெயர்?

'ஆர்மெரோஸ்' என்பது ஸ்பானியச் சொல். துப்பாக்கி ஏந்துபவர் என்பதல்ல, துப்பாக்கி செய்பவர் என்பதே அதன் பொருள். இரும்பு வேலை தெரிந்த ஊர்க்காரரான உங்களுக்கு இந்த வரலாறு பிடிக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பெயின் அரசின் படைகளுக்குப் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி செய்து கொடுத்த பகுதி அது. ஆனால் அங்கே பெரிய மதில் சூழ்ந்த ஒற்றைத் தொழிற்சாலை எதுவும் இருக்கவில்லை. பக்கத்து ஊரான பிளாசென்சியாவில் 'அரச ஆயுதத் தொழிற்சாலை' என்ற பெயரில் இருந்தது, பெரும்பாலும் பொருளைச் சோதித்து வாங்கிவைக்கும் கிடங்குதான். வேலை முழுவதும் வீட்டுப் பட்டறைகளில் நடந்தது. குழல் செய்பவர் ஒரு குழு, தீப்பொறி எழுப்பும் விசையைச் செய்பவர் இன்னொரு குழு, மரப்பிடி செதுக்குபவர் மூன்றாவது, இவற்றையெல்லாம் பொருத்திச் சரிசெய்பவர் நான்காவது என்று நான்கு கைவினைச் சங்கங்கள் இருந்தன. முழுத் துப்பாக்கி யாருடைய வீட்டிலும் பிறப்பதில்லை. தன் உறுப்பைச் செய்து கொடுத்துவிட்டு, அடுத்தவரின் உறுப்பு அதனுடன் பொருந்தும் என்று நம்பி வாழ்ந்த ஊர் அது.

முதலாம் உலகப் போரில் பிரெஞ்சு இராணுவம் கைத்துப்பாக்கிகளை ஆயிரக்கணக்கில் கேட்டபோது ஊர் முழுக்கப் பணம் புரண்டது. போர் முடிந்ததும் வேலை வறண்டது. அப்போதுதான் எய்பர் தன் கைத்திறனை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. குழல் துளைக்கத் தெரிந்த கைகளுக்கு மிதிவண்டியின் குழாய்ச் சட்டம் எம்மாத்திரம்? இன்று உலகமெங்கும் பந்தய வீரர்கள் ஓட்டும் ஒர்பேயா மிதிவண்டி நிறுவனம், 1840இல் எய்பரில் துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கியதுதான். பிஎச் மிதிவண்டிகளின் பிறப்பும் அதே ஊரில், அதே தொழிலிலிருந்துதான். 1920இல் வேலைநிறுத்தம் ஒன்றின் தொடர்ச்சியாக, உலோகத் தொழிலாளர்கள் தாங்களே சேர்ந்து ஆல்ஃபா என்ற கூட்டுறவு நிறுவனத்தை உருவாக்கினார்கள். முதலில் துப்பாக்கி செய்த அந்த நிறுவனம் 1925 முதல் தையல் எந்திரத்துக்கு மாறியது. நம் வீடுகளில் சிங்கரும் உஷாவும் இருந்தது போல் ஸ்பானிய வீடுகளில் ஆல்ஃபா இருந்தது. இதை எழுதும்போது என் பாட்டியின் தையல் எந்திரத்தின் மிதிபலகைச் சத்தம் காதில் கேட்கிறது. அது எய்பரில் செய்ததில்லை என்றாலும் நினைவு கேட்கிறதா என்ன?

ஊரின் அரசியலும் இந்தத் தொழிலாளர் வாழ்விலிருந்தே முளைத்தது. 1931ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று ஸ்பெயினின் இரண்டாம் குடியரசை, தலைநகர் மாட்ரிட்டுக்கும் முந்தி, விடியற்காலையிலேயே அறிவித்த ஊர் எய்பர்தான். ஐந்து ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் வந்தது. 1937 ஏப்ரலில் குண்டுவீச்சில் ஊர் சிதைந்தது. இடிபாடுகளை அகற்றி மறுபடியும் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1940ஆம் ஆண்டு நவம்பரில், உள்ளூர் அணிகள் இரண்டு இணைந்து எய்பர் கழகம் பிறந்தது. வருமானத்துக்கு மேல் ஒரு காசு செலவழிப்பதில்லை என்ற கழகத்தின் பிற்காலப் பிடிவாதத்தைப் பலர் நிர்வாகத் திறமை என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அது பட்டறைக்காரரின் புத்தியாகவே தெரிகிறது. அடுத்த ஆர்டர் வருமா வராதா என்று தெரியாத தொழிலில் இருந்தவர்கள், ஆற்றிலே போட்டாலும் அளந்துதான் போடுவார்கள்.

தணிக்கையாளர், மதுரை: கடனே இல்லாத கழகத்தை, பணம் போதாது என்று சொல்லிக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கணக்குத் தெரிந்த எவருக்கும் இது விளங்காது. விளக்க முடியுமா?

முடியும், ஆனால் விளங்கிய பிறகும் உங்களுக்குக் கோபம்தான் வரும்.

ஸ்பெயினில் கால்பந்துக் கழகங்கள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த காலத்தில், 1990ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டம், பார்சிலோனா, ரியல் மாட்ரிட், அத்லெட்டிக் பில்பாவ், ஒசாசுனா ஆகிய நான்கைத் தவிர, தொழில்முறைக் கழகங்கள் அனைத்தையும் பங்கு நிறுவனங்களாக மாற்றச் சொன்னது. அதைத் தொடர்ந்து 1999இல் வந்த அரசாணை ஒன்று, ஒவ்வொரு கழகமும் குறைந்தபட்சம் எவ்வளவு பங்கு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் வகுத்தது. இரண்டாம் பிரிவுக் கழகங்களின் செலவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். மிக அதிகமாகச் செலவழித்த இரண்டையும் மிகக் குறைவாகச் செலவழித்த இரண்டையும் நீக்கிவிட வேண்டும். மீதியின் சராசரியில் 25 சதவீதம் எவ்வளவோ அவ்வளவு மூலதனம் இருக்க வேண்டும். கவனியுங்கள், சூத்திரத்தில் கழகத்தின் சொந்தச் செலவுக்கு இடமே இல்லை. தெருவில் உள்ள மற்ற வீட்டார் செய்யும் செலவைக் கூட்டிப் பார்த்து, உங்கள் வீட்டுப் பெட்டியில் இவ்வளவு பொன் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்வது போன்றது இது.

இரண்டாம் பிரிவிலேயே மிகச் சிறிய பட்ஜெட்டுகளில் ஒன்றைக் கொண்டு, கடனில்லாமல் பட்டம் வென்ற எய்பரின் மூலதனம் அப்போது சுமார் 4.22 லட்சம் யூரோ. சூத்திரம் கேட்டதோ 21.46 லட்சம் யூரோ. இடைவெளியான 17.24 லட்சம் யூரோவை 2014 ஆகஸ்ட் 6ஆம் தேதிக்குள் நிரப்பாவிட்டால், முதற்பிரிவுக்கு ஏறுவதற்குப் பதிலாக, வந்த வழியே மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். முதற்பிரிவில் கால் வைத்ததும் தொலைக்காட்சி உரிமையிலிருந்து இதைப் போலப் பல மடங்கு பணம் வரவிருந்தது என்பதும், அதே பிரிவில் பல கழகங்கள் வரித்துறைக்கே பெரும் பாக்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தன என்பதும் இந்தக் கதையின் கசப்பான பகுதி. கடனைத் தடுப்பதற்காக எழுதப்பட்ட விதி, கடன் வாங்காதவனின் கழுத்தைப் பிடித்தது.

அப்போது கழகத் தலைவராக இருந்த அலெக்ஸ் அரான்சாபாலும் அவருடைய குழுவினரும் செய்த முடிவில்தான் இந்தக் கழகத்தின் குணம் தெரிகிறது. ஒரு பெரும் பணக்காரரைத் தேடிப்பிடித்திருந்தால் ஒரே கையெழுத்தில் விஷயம் முடிந்திருக்கும். 17 லட்சம் யூரோ என்பது ஐரோப்பியக் கால்பந்து உலகில் ஒரு நடுத்தர ஆட்டக்காரரை வாங்கும் விலைக்கும் குறைவு. அவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு பங்கு 50 யூரோ என்று வைத்து, 'எய்பரைக் காப்பாற்றுங்கள்' என்று உலகத்தை நோக்கி வேண்டுகோள் விடுத்தார்கள். அதோடு, தனி ஒருவர் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அவசரத்தில் இருப்பவன் கடன் கொடுப்பவனுக்கு நிபந்தனை போடுவதை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஜூலை நடுவிலேயே இலக்கு எட்டப்பட்டது. கெடு முடிவதற்குள் தொகை 20 லட்சத்தை நெருங்கிவிட்டது. பங்கு வாங்கியவர்கள் 8,000 பேருக்கும் அதிகம். அவர்களில் எய்பர் என்ற ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று அதற்கு முன் அறியாத வெளிநாட்டார் ஏராளம்.

ஆசிரியை, தஞ்சாவூர்: 50 யூரோ கொடுத்தவருக்கு என்ன லாபம்? இதை முதலீடு என்பதா, நன்கொடை என்பதா?

சட்டப்படி அது பங்கு. மனத்தளவில் மொய் என்று சொல்லலாம். பணம் பெருகித் திரும்பி வரும் என்று நினைத்து யாரும் மலைச்சரிவில் ஐயாயிரம் இருக்கை உள்ள கழகத்தில் போடமாட்டார்கள். ஆனால் மொய்க்கும் ஒரு கணக்கு உண்டு என்பது தஞ்சாவூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுதியவரின் பெயர் நோட்டில் நிற்கும், விசேஷ வீட்டின் மீது அவருக்கு ஓர் உரிமை வரும். உச்சவரம்பு இருந்ததால் அந்த உரிமை யாரோ ஒருவர் கையில் மொத்தமாகப் போய்ச் சேரவில்லை. அந்த நாட்டில் வேறு பல கழகங்கள் உள்ளூராரின் கையிலிருந்து வெளிநாட்டு முதலாளிகளிடம் போய்க்கொண்டிருந்த காலம் அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாசகர், யாழ்ப்பாணம்: ஷாபி அலோன்சோவும் டேவிட் சில்வாவும் அந்த அணியில் ஆடியவர்கள் என்பது உண்மையா? அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களை அவர்கள் எப்படி வாங்கினார்கள்?

உண்மை. ஆனால் வாங்கவில்லை, இரவலாகப் பெற்றார்கள். பெரிய கழகங்கள் தங்கள் இளம் வீரர்களை ஒரு பருவத்துக்குச் சிறிய அணிகளிடம் கொடுத்துப் பழக்குவது வழக்கம். அலோன்சோ, கிபுஸ்கோவா மாகாணத்தின் பெரிய அணியான, சான் செபாஸ்டியனைச் சேர்ந்த ரியல் சொசியெடாட்டிலிருந்து 2000ஆம் ஆண்டிலும், சில்வா வலென்சியாவிலிருந்து 2004இலும் எய்பருக்கு வந்தார்கள். இருவருமே அப்போது 20 வயதைத் தாண்டாதவர்கள். சில்வா மெலிந்த, உயரம் குறைந்த, நுணுக்கமான ஆட்டக்காரர். குளிர்காலத்தில் இபுருவாவின் ஈரத் தரையில், இரண்டாம் பிரிவின் முரட்டுத் தடுப்பாளர்களிடம் ஒரு பருவம் உதைபட்டது அவருக்கு வீணாகவில்லை. அந்த ஆண்டு எய்பர் நான்காம் இடத்தில் முடித்து, முதற்பிரிவின் வாசல்வரை போய்த் திரும்பியது. இருவரும் பிற்காலத்தில் ஸ்பெயினுக்காக 2010 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார்கள். 2014இல் பங்கு விற்பனை நடந்தபோது அலோன்சோ வெளிப்படையாகக் குரல் கொடுத்தார்; உலகத்தின் பார்வை எய்பர் மீது விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சில்வா ஆடிய அந்தப் பருவத்தில் அணியின் பயிற்றுநராக இருந்தவர் ஹோசே லூயிஸ் மென்டிலிபார். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலில் வரும்.

வாசகர், சென்னை: நீங்கள் சொல்வதெல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் முதல் பருவத்திலேயே அவர்கள் 18ஆம் இடம்தானே? வேறொரு அணி தண்டிக்கப்பட்டதால் தப்பித்தார்கள். பிறகு 2021இல் கீழே இறங்கியும் விட்டார்கள். சிறிய ஊர் என்பதால் தேவைக்கு மேல் புகழ்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

உங்கள் தகவல்கள் சரி; முடிவோடுதான் எனக்கு வழக்கு.

முதல் ஆட்டத்திலிருந்து வருகிறேன். 2014 ஆகஸ்ட் 24, இபுருவா, எதிரணி ரியல் சொசியெடாட். முதல் பாதி முடியும் தறுவாயில் கிடைத்த ஃப்ரீ கிக்கை ஹவி லாரா வளைத்து உள்ளே அனுப்பினார். ஒன்றுக்குப் பூச்சியம் என்று எய்பர் வென்றது. பாதிப் பருவம் முடிந்தபோது 27 புள்ளிகள். ஊரார் கனவு காணத் தொடங்கிவிட்டார்கள். மறுபாதியில் அணி குப்புற விழுந்தது, எட்டே புள்ளிகள். மொத்தம் 35. அதே 35 புள்ளி எடுத்த வேறு இரண்டு அணிகள், சமநிலையில் யார் மேலே என்று தீர்மானிக்கும் விதியால் மேலே நிற்க, எய்பர் 18ஆம் இடத்துக்குப் போனது. அந்த நேரத்தில், 13ஆம் இடத்தில் முடித்திருந்த எல்சே கழகம் வரிபாக்கிக்காகக் கீழ்ப்பிரிவுக்கு அனுப்பப்பட்டது, எய்பர் நீடித்தது. இதை நீங்கள் அதிர்ஷ்டம் என்கிறீர்கள். ஓராண்டுக்கு முன் கடன் இல்லாததற்காகத் தண்டிக்கப்பட இருந்த கழகம், கடன் இல்லாததால் பிழைத்தது என்று நான் படிக்கிறேன். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எய்பரை முதற்பிரிவுக்குக் கொண்டுவந்த பயிற்றுநர் கைஸ்கா கரிடானோ, ஆடுகளத்தில் நான் தோற்றுவிட்டேன் என்ற நிலையில் பதவி விலகிக்கொண்டார். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்ளாத அந்தச் செயலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பின் வந்தவர்தான் மென்டிலிபார். 14, 10, 9, 12, 14 என்பவை அடுத்த ஐந்து பருவங்களில் எய்பர் பிடித்த இடங்கள். ஐந்தாண்டு அதிர்ஷ்டம் என்று ஒன்று கிடையாது. அவர் கற்பித்த ஆட்டம் மிக எளிமையானது. தடுப்பு வரிசையை முன்னே தள்ளி நிறுத்து, எதிரியை அவன் பாதியிலேயே நெருக்கு, பந்தை ஓரத்துக்குக் கொண்டுபோய் உள்ளே அனுப்பு. அகலம் குறைந்த, பார்வையாளர் மூச்சு முதுகில் படும் இபுருவாவுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. இதே மென்டிலிபார் பிறகு 2023இல் செவியாவுடன் யூரோப்பா லீக் கோப்பையையும், அடுத்த ஆண்டு கிரீஸின் ஒலிம்பியாகோஸுடன் கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையையும் வென்றார். சிறிய ஊரில் ஓடிய சரக்கு சந்தையிலும் செல்லுபடியானது.

ஆனால் உங்கள் ஐயத்துக்கு வலுவான இன்னொரு காரணத்தை நானே தருகிறேன். ஊரின் ஒற்றுமை மட்டும் எய்பரை ஏழு ஆண்டுகள் மேலே வைத்திருக்கவில்லை. 2015க்கு முன் ஸ்பெயினில் ஒவ்வொரு கழகமும் தன் தொலைக்காட்சி உரிமையைத் தனித்தனியே விற்றது. மேலே இருந்த இருவர் பெற்ற தொகை கடைசியில் இருந்தவர் பெற்றதைப் போல ஏழு மடங்குக்கும் அதிகம். அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த அரசு ஆணை, எல்லா உரிமைகளையும் சேர்த்து விற்று, முதற்பிரிவுக்குரிய பங்கில் பாதியைச் சமமாகப் பிரிக்கச் செய்தது. எய்பர் நிமிர்ந்ததில் இந்த ஆணைக்குப் பெரும் பங்கு உண்டு. 50 யூரோ கதையை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுகிறவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள். போன இதழில் நானும் அதைத்தான் செய்தேன்.

2021இல் கடைசி இடம், 30 புள்ளிகள், இறக்கம். அது பெருந்தொற்றுக் காலம், அரங்கில் ஆளில்லை. பால்கனிக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். நெருக்கமே பலமாக இருந்த ஓர் அரங்கு ஆளற்றுப் போனதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் வேறு எந்த அணியையும் விட எய்பருக்கு அது அதிகம் வலித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கால்பந்து ரசிகர், நாகர்கோவில்: பெரிய அணிகளை எப்போதாவது வென்றிருக்கிறார்களா? ஊரார் அனைவரும் எய்பர் ரசிகர்கள்தானா?

வென்றிருக்கிறார்கள். 2018 நவம்பர் 24 அன்று இபுருவாவில் ரியல் மாட்ரிட்டை மூன்றுக்குப் பூச்சியம் என்று வென்றதுதான் உச்சம். அதற்கு முன், மூன்றாம் பிரிவில் இருந்தபோதே, 2012 டிசம்பரில் மன்னர் கோப்பையிலிருந்து அத்லெட்டிக் பில்பாவை வெளியேற்றியிருக்கிறார்கள். 2017 மே மாதம் காம்ப் நூவில் ஜப்பானியர் தகாஷி இனுய் இரண்டு கோல் போட்டு பார்சிலோனாவைத் திகைக்க வைத்தார். ஆட்டம் என்னவோ நான்குக்கு இரண்டு என்று பார்சிலோனாவுக்குத்தான் போனது.

உங்கள் இரண்டாவது கேள்வி கூர்மையானது. எய்பரில் கால்பந்து பார்க்கிறவர்களில் பலருக்கு இரட்டை விசுவாசம் உண்டு. பில்பாவுக்கும் சான் செபாஸ்டியனுக்கும் நடுவில் இருக்கும் ஊர் என்பதால், ஒரே வீட்டில் தகப்பன் அத்லெட்டிக், மகன் சொசியெடாட் என்பது சாதாரணம். எய்பர் அவர்களுக்குப் பிறந்த வீடு. மற்றது கட்டிக்கொடுத்த வீடு. முதற்பிரிவில் இரண்டு வீடும் நேருக்கு நேர் மோதும் நாள் வரும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே அது வந்துவிட்டது.

வங்கி அலுவலர், சேலம்: இந்தக் கழகத்தில் பெண்களுக்கு இடம் உண்டா?

உண்டு. 2016இல் கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றவர் அமாயா கொரோஸ்டிசா என்ற பெண்மணி. ஸ்பானியக் கால்பந்தில் அந்த நாற்காலியில் அமர்ந்த பெண்கள் மிகச் சிலரே. மகளிர் அணி 2020இல் முதற்பிரிவுக்கு ஏறி, இரண்டு ஆண்டில் இறங்கி, 2023இல் மறுபடி ஏறியது. ஆண்கள் அணி இரண்டாம் பிரிவில் இருக்க மகளிர் அணி முதற்பிரிவில் ஆடும் நிலை அப்போது வந்தது.

வாசகர், புதுச்சேரி: கீழே இறங்கிய பிறகு கழகம் என்ன ஆனது? நொடித்துப்போனதா?

நொடித்துப்போகவில்லை. முதற்பிரிவிலிருந்து இறங்கும் கழகங்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வது, மேலே இருந்தபோது எழுதிக்கொடுத்த சம்பளத்தைக் கீழே வந்த பிறகு கொடுக்க முடியாமல்தான். எய்பர் மேலே இருந்தபோதும் அப்படி எழுதிக்கொடுக்கவில்லை. 2022இல் கடைசி நாள் ஆட்டத்தில், ஏற்கெனவே கீழ்ப்பிரிவுக்குப் போவது உறுதியாகிவிட்ட அல்கோர்கோன் அணியிடம் தோற்று, ஒரே ஒரு புள்ளியில் நேரடித் தகுதியை இழந்தது; பிறகு தகுதிச் சுற்றில் ஜிரோனாவிடம் தோற்றது. 2023இல் அலவேஸிடம். 2024இல் ஒவியேதோவிடம். மூன்று ஆண்டும் வாசற்படியிலேயே தடுக்கி விழுந்தது.

அந்தக் கடைசித் தோல்வியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒவியேதோவும் பங்கு விற்றுப் பிழைத்த கழகம்தான். 2012இல் கடன் கழுத்தை நெரிக்க, இழுத்து மூடும் நிலைக்கு வந்த அந்தக் கழகத்துக்காக உலகெங்கும் ரசிகர்கள் பங்கு வாங்கினார்கள். அங்கே வளர்ந்த ஆட்டக்காரர் சாண்டி கசோர்லாவும் வாங்கினார். ஆனால் கதையை முடித்துவைத்தது மெக்சிகோவின் பெருஞ்செல்வர் கார்லோஸ் ஸ்லிம். 20 லட்சம் யூரோ போட்டுக் கழகத்தின் மிகப் பெரிய பங்குதாரரானார். எய்பர் உச்சவரம்பு வைத்துத் திரட்டிய தொகையும் கிட்டத்தட்ட அதேதான். 2024 ஜூன் மாதம் இபுருவாவில் ஒவியேதோ இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றபோது, அந்த அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர்களில் கசோர்லாவும் ஒருவர். வயது 39. தன் பழைய கழகத்துக்குத் திரும்பி, விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்.